ஏருக்கு ரெண்டு கார்டு

கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாண்டிச்செல்வம் மனைவியைக் கேட்காமல் சொந்தமாக எடுத்த முடிவுகள் இரண்டே இரண்டு. முதல் முடிவில் நிலம் போனது. இரண்டாவதில் மானம் போனது. எது பெரிய நஷ்டம் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் சொல்ல மாட்டார். வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்.

நிலத்தின் கதை சின்னது. சொந்த ஊரான ஆமத்தூருக்குத் தெற்கே நாலு ஏக்கர் கரிசல். மேலக்காடு என்று பெயர். மழை பெய்தால் சோளமும் பருத்தியும் விளையும். பெய்யாவிட்டால் வேலிக்கருவை விளையும். போர் போட்டுப் பார்த்தார். புழுதி வந்தது, தண்ணீர் வரவில்லை. வானம் அடுத்தடுத்து இரண்டு வருடம் ஏமாற்றியதும் வெறுத்துப் போனார். குடோன் கட்ட இடம் தேடி வந்த ஒரு ஆளிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

அழகுமீனா அப்போது கம்ப்யூட்டரில் முருகனுக்கு மயில் வைத்துக்கொண்டிருந்தாள். சிவகாசி அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தே காலண்டர் டிசைன் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். திரும்பிப் பார்த்தாள். “சரி” என்றாள். மறுபடி மயிலைக் கவனிக்கப் போய்விட்டாள்.

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். வெறும் ‘சரி’யை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? பாண்டிச்செல்வம் அன்றிலிருந்து தனக்குத்தானே கத்திக்கொண்டும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டும் இருந்தார். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்கு அவர் சூப்பர்வைசர். கம்பெனி பஸ் தினமும் மேலக்காட்டை ஒட்டித்தான் போகும். காலையில் வலது பக்கம் உட்காருவார். சாயங்காலம் திரும்பும்போது இடம் மாற்றி இடது பக்கம் உட்காருவார். குடோனின் தகரக் கூரை கண்ணில் படக் கூடாது. அந்தப் பஸ்ஸில் வரும் எல்லாருக்கும் இது தெரியும், யாரும் கேட்டதில்லை.

இந்த நிலைமையில்தான் ஆடி பிறந்தது. ஆடிப்பெருக்கு அன்றைக்குச் சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து அழகுமீனாவுக்கு ஆர்டர் குவிய ஆரம்பிக்கும். அவள் கம்ப்யூட்டரோ ஒரு பிள்ளையாரைத் திறக்கவே பத்து நிமிஷம் முனகியது.

“என்னங்க, விருதுநகர்ல பாய் கடையில இதக் காட்டிட்டு வாங்க. என்ன மாத்தணுமோ மாத்தட்டும். இல்ல, புதுசுதான் வாங்கணும்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க” என்றாள்.

போன் பண்ணுங்க என்று அவள் சொன்னதைப் பாண்டிச்செல்வம் தெளிவாகக் கேட்டார். இதைப் பதிவு செய்துவிட்டு மேலே போவோம்.

உபைதுல்லாவின் கம்ப்யூட்டர் கடை விருதுநகர் பஜாரில், மிளகாய் வத்தல் குடோன்களுக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். பில் போடும் மேஜையில் அவர் மனைவி பர்வீன். பர்வீனும் அழகுமீனாவும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இது பாண்டிச்செல்வத்துக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவர் புத்தியில் உறைக்கவில்லை. காரணம், கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட ஒரு டிராக்டர்.

பெரிய திரையில் பச்சை டிராக்டர் ஒன்று நின்றது. முன்னால் பரந்த வெறும் நிலம். விவசாய விளையாட்டாம்.

“உக்காந்து ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி, நான் ஒங்க பொட்டியப் பாக்கேன்” என்றார் உபைதுல்லா.

பாண்டிச்செல்வம் உட்கார்ந்தார். கலப்பையை இறக்கினார். டிராக்டர் நகர்ந்தது. பின்னால் மண் புரண்டு கறுப்பாக விழுந்தது. ஒரு சால் போய்த் திரும்பினார். இரண்டாவது சால் ஓட்டும்போது திரையில் மேகம் கூடியது. மழை பெய்தது. சாமி கும்பிடாமல், அம்மனுக்குக் கொடை விழா எடுக்காமல், சும்மா பெய்தது. பாண்டிச்செல்வம் டிராக்டரை நிறுத்திவிட்டார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வத்தல் நெடி என்று பர்வீனிடம் சொன்னார். பர்வீன் தலையாட்டினாள்.

எழுந்திருக்கும்போது அவர் மனதில் முடிவு எடுத்தாகிவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். மீனாவுக்கு என்று சொல்ல வேண்டும். மேலக்காட்டை அதற்குள் வைத்து உழ வேண்டும்.

“பாய், இந்த வெளையாட்டு நல்லா ஓடணும்னா என்ன போடணும்?”

“நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டாப் போதும் அண்ணாச்சி. கோயமுத்தூர்ல ஒரு ஆளு பிட்காயின்னு கம்ப்யூட்டர்லயே காசு வெளைய வைக்கேன்னு எறங்கி, எல்லாத்தையும் வித்துட்டுப் போயிட்டாரு. அந்தச் சரக்கு நம்மகிட்ட வந்திருக்கு. கார்டு ஜோடியா இருக்கு, ஒண்ண எடுத்துக்கிடுங்க.”

“ரெண்டையும் போடுங்க.”

“எதுக்கு? இந்த வெளையாட்டு ஒரு கார்டைத்தான் எடுத்துக்கிடும். ரெண்டாவது சும்மாதான் கெடக்கும்.”

“ஏருக்கு யாராவது ஒத்த மாடு கட்டுவாகளா பாய்?”

உபைதுல்லாவுடையது மூன்று தலைமுறையாக வியாபாரக் குடும்பம். மாட்டு விஷயத்தில் நிலம் உழுத ஒரு சம்சாரியிடம் வாதாட அவருக்குத் தைரியம் வரவில்லை.

“சரி, ரெண்டு போட்டா பவர் சப்ளையும் பெருசா வேணும்” என்றார். “கார்டு ஒண்ணு எரநூத்தம்பது வாட் திங்கும். ரெண்டுக்கு ஐநூறு. மத்ததெல்லாம் சேத்து இன்னொரு எரநூறு. எண்ணூத்தம்பது தாராளம். மனசு கேக்கலன்னா ஆயிரம் போடுவோம். அதுக்கு மேல வேண்டவே வேண்டாம்.”

“ஆயிரம் வாட்டுன்னு எப்படித் தெரியும்?”

“இந்தா, அட்டையில போட்டிருக்குல்ல.”

பாண்டிச்செல்வம் சிரித்தார். இருபது வருடப் பட்டாசு அனுபவம் சேர்ந்து சிரித்தது.

“பாய், பட்டாசுக்காரன்கிட்டயே அட்டையைக் காட்டுறீகளா?”

அவர் சிரிப்புக்கு அர்த்தம் உண்டு. ஆயிரம் வாலா என்று அட்டையில் போட்ட சரத்தில் எத்தனை வெடி இருக்கும் என்பது ஊருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் கம்பெனியில் கட்டி அனுப்புவதே அவர் செக்‌ஷன்தானே. உள்ளே அறுநூறு இருந்தால் அன்றைக்கு முதலாளி தாராள மனதோடு இருந்தார் என்று அர்த்தம். அட்டையில் எழுதுவது ஒரு எண். உள்ளே இருப்பது இன்னொரு எண். இந்தக் கணக்கில்லாமல் உலகத்தில் எந்தச் சரக்கும் பெட்டிக்குள் போவதில்லை என்று அவர் மனதார நம்பினார்.

“அப்ப ஆயிரம்னா உள்ள அறுநூறு. நமக்குக் கொறையுதே. அந்தா மேல் தட்டுல இருக்கே, அது எம்புட்டு?”

“அது ஆயிரத்து அறுநூறு. வேண்டாம் அண்ணாச்சி. கோயமுத்தூர்க்காரரு ஆறு கார்டு ஓட்டுனது அதுலதான்.”

“ஆயிரத்து அறுநூறுன்னா உள்ள ஆயிரம். கணக்குச் சரியா வருது. எடுங்க.”

“அண்ணாச்சி, இது பட்டாசு இல்ல. இதுல போட்டிருக்கது உள்ள இருக்கும்.”

“எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் பாய் சொல்லும்.”

நல்ல சரக்கை மேல் தட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு நம்மிடம் சின்னதைத் தள்ளப் பார்க்கிறார் என்றுதான் பாண்டிச்செல்வத்துக்குத் தோன்றியது. பெட்டியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். கனத்தில் பொய் சொல்ல முடியாது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். அழகுமீனாவுக்குப் போன் பண்ணவில்லை. அந்த வேலையை அவர் பஸ் ஏறுவதற்கு முன்பே பர்வீன் செய்து முடித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பாண்டிச்செல்வம் காரியத்தில் இறங்கினார். பட்டாசுக் கம்பெனியில் ஒரு அறைக்குள் நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வழக்கப்படி குளியலறைக் குழாயைத் தொட்டுவிட்டு வந்து பெட்டியைப் பிரித்தார். பக்கத்தில் ஒரு வாளி நிறைய மணல் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு அறைக் கதவிலும் எத்தனை ஆள் இருக்கலாம் என்று எழுதியிருக்குமே, அதே மாதிரி கதவில் சாக்பீஸால் ‘ஆள் 1’ என்று எழுதினார். மெஷின் ஓடும்போது அறைக்குள் ஒருத்தருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த ஒருத்தர் தான்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதினார், பாவம்.

அழகுமீனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பழைய கம்ப்யூட்டரும் பழுது பார்க்காமல் அப்படியே திரும்பி வந்திருந்தது. அதை ஒன்றும் கேட்காமல் மேஜைக்கு அடியில் வைத்தாள்.

“என்னங்க, இதுல எதுக்கு ரெண்டு கார்டு?”

“ஒனக்காகத்தான் மீனா. ஒரு கார்டு சாமியைக் கவனிச்சுக்கிடும். இன்னொண்ணு ஒளிவட்டத்தைக் கவனிச்சுக்கிடும்.”

“வள்ளி தெய்வானையும் சேந்து வந்தா?”

“சமாளிச்சுக்கிடும்.”

“இது என்ன இம்புட்டு கனம் கனக்கு?”

“பவர் சப்ளை. ஆயிரத்து அறுநூறு வாட். அட்டையிலதான் அப்படி. உள்ள ஆயிரம் இருந்தாப் பெருசு.”

அழகுமீனா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, ஒன்றும் அறியாதவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, உள்ள நெசமாவே ஆயிரத்து அறுநூறு இருந்துட்டா?”

பாண்டிச்செல்வத்துக்குத் திக்கென்றது. அட்டையில் இருப்பது உண்மையாக இருந்துவிடும் என்ற கோணத்தில் அவர் யோசிக்கவே இல்லை.

“இந்த வீட்டு வயரு மாமா காலத்துல இழுத்தது” என்று அவள் தொடர்ந்தாள். “மிக்ஸி போட்டாலே லைட்டு மங்குது. ஆயிரத்து அறுநூறத் தாங்குமா? எனக்கு என்ன தெரியும். நீங்க தீயோட பொழங்குறவுக. நீங்களே சொல்லுங்க.”

தீ என்ற சொல்லைப் பட்டாசுக்காரனிடம் சும்மா சொல்லக் கூடாது. பாண்டிச்செல்வம் சுவரில் போகும் வயரை அண்ணாந்து பார்த்தார். உடனே சூப்பர்வைசர் ஆனார்.

“இது ஓடுற நேரத்துல வீட்ல வேற எதுவும் ஓடக் கூடாது.”

“கிரைண்டர்?”

“கூடாது.”

“மோட்டார்?”

“கூடாது.”

“வாஷிங் மிஷினு?”

“கூடவே கூடாது.”

“பிரிட்ஜு?”

கொஞ்சம் தயங்கினார். “அதுவுந்தான்.”

“பிரிட்ஜு இல்லன்னா மாவு புளிச்சிருமே. தெனமும் ஆட்டணுமே. கிரைண்டரும் கூடாதுங்கீக.”

“பின்னாடி ஆட்டுக்கல் கெடக்குல்ல?”

“கெடக்கு. யாரு ஆட்டுறது? நீங்க வாங்கிக் குடுத்த மிஷின்ல ஒக்காந்து நான் சாமிக்கு ஒளிவட்டம் போட்டுக்கிட்டு இருப்பேனே?”

அந்த இடத்தில் ஒரு ஆண்மகன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மெஷின் உனக்கு வாங்கவில்லை, எனக்கு டிராக்டர் ஓட்ட வாங்கினேன் என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். பாண்டிச்செல்வம் பின்கட்டுக்குப் போய் ஆட்டுக்கல்லைக் கழுவினார்.

ஆனாலும் அவருக்கு ஒரு நாள் கிடைத்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு அழகுமீனா பர்வீனைத் தவிர மற்ற எல்லாத் தோழிகளோடும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். பாண்டிச்செல்வம் கம்பெனிக்கு லீவு சொன்னார். குழாயைத் தொட்டார். அறைக்குள் போனார். பாய் யாருக்கும் தெரியாமல் உள்ளே போட்டுக் கொடுத்திருந்த விளையாட்டைத் திறந்தார். நிலத்துக்கு ஒரு பெயர் வை என்று அது கேட்டது. யோசிக்கவே இல்லை. ‘மேலக்காடு’ என்று அடித்தார். அந்த அஞ்சு எழுத்தையும் திரையில் விரலால் தடவிப் பார்த்தார்.

பிறகு உழுதார். கோடு பிசகாமல் உழுதார். மக்காச்சோளம் விதைத்தார். மழை வந்தது. முளை விட்டது. முழங்கால் உயரம் வந்து பச்சைப் பசேல் என்று நின்றது. அப்படியே நிறுத்திவிட்டு எப்போது வந்தாலும் பயிர் விட்ட இடத்தில் நிற்கும் என்று பாய் சொல்லியிருந்தார். தெருமுனையில் வேன் சத்தம் கேட்டதும் அணைத்துவிட்டு வெளியே ஓடி வந்தார். அழகுமீனா நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். அவர் கண்ணில் இருந்த பச்சையை அவள் கவனித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

அதுதான் கடைசி. மறுநாளிலிருந்து சீசன் பிடித்துக்கொண்டது. அவர் வீட்டுக்கு வரும் நேரத்துக்கெல்லாம் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். வெளியே பிரிட்ஜ் ஊமையாக நிற்கும். உளுந்து ஒரு சட்டியிலும் அரிசி ஒரு சட்டியிலும் ஊறிக்கொண்டிருக்கும். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வருவார். துணியைக் கல்லில் அடிப்பார். ஆட்டுக்கல் முன்னால் உட்காருவார். குழவியைச் சுற்றச் சுற்ற மனமும் சேர்ந்து சுற்றும்.

“மீனா, ஆர்டர் முடிஞ்சிருச்சா?”

“எங்கிட்டு முடியுது? ஒரு கோயமுத்தூர் பார்ட்டி பன்னெண்டு மாசத்துக்கும் பன்னெண்டு அம்மன் கேக்காக.”

“நான் வேணும்னா உள்ள வந்து பாக்கவா?”

“ஆளு ஒண்ணுன்னு கதவுல நீங்கதானங்க எழுதி வச்சிருக்கீக.”

ஞாயிற்றுக்கிழமை கேட்டால் அவசரம். நல்ல நாள் கேட்டால் இரட்டை அவசரம். கம்பெனியில் சரத்தைச் சுற்றி அட்டைக்குள் வைக்கும்போதெல்லாம் அவருக்கு அந்தச் சோளம் ஞாபகம் வந்தது. தண்ணீர் இருக்கிறது, மழை இருக்கிறது, டிராக்டர் நிற்கிறது. போய் அறுக்கத்தான் ஆள் இல்லை. நிஜ மேலக்காட்டில் மழைக்காகக் காத்திருந்தார். இந்த மேலக்காட்டில் மழை இருந்தும் காத்திருந்தார். அன்றைக்கு அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்று குழவியிடம் சொன்னார். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். வேண்டாம் என்றிருந்தால் நிலம் இருந்திருக்கும். குழவி எதுவும் பேசாமல் சுற்றியது.

தீபாவளி முடிந்தது. கம்பெனிக்கு லீவு விட்டார்கள். வலது மணிக்கட்டு வீங்கிப்போய், தைலம் வாங்க விருதுநகருக்குப் போனார் பாண்டிச்செல்வம். வாங்கிவிட்டு மனசு கேட்காமல் பாய் கடைக்குள் நுழைந்து ஒரு தும்மல் போட்டார்.

“என்ன அண்ணாச்சி கையில?”

“மாவாட்டி வீங்கிருச்சு பாய். ஒங்க ஆயிரத்து அறுநூறு ஓடுதுல்ல, கிரைண்டர் போட முடியல.”

உபைதுல்லா நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு சொன்னா முடியாதுன்னு? அண்ணாச்சி, பந்தியில அண்டா பெருசா இருக்குன்னு அம்புட்டுச் சோத்தையுமா திங்கோம்? வயித்துக்கு வேணுங்கறதத்தான திங்கோம். பவர் சப்ளையும் அப்படித்தான். ஆயிரத்து அறுநூறு வரைக்கும் குடுக்க முடியும்னு அதுக்கு அர்த்தம். கார்டு எம்புட்டுக் கேக்குதோ அம்புட்டுத்தான் கரண்டு இழுக்கும். ஒரு அயன் பாக்ஸ் இழுக்கறதுல பாதி இழுத்தா அதிகம்.”

“அப்ப பிரிட்ஜு?”

“தாராளமா ஓடும்.”

“மோட்டாரு?”

“ஓடும்.”

“கிரைண்டரு?” அவர் குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

“ஓடும் அண்ணாச்சி. அன்னைக்கே நான் சொல்ல வந்தேன். நீங்கதான் வாலா கணக்கு சொல்லி வாய அடைச்சிட்டீக.”

ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் ஆட்டிய மாவெல்லாம் பாண்டிச்செல்வத்தின் கண் முன்னால் பொங்கி வழிந்தது. ஊரில் எல்லா அட்டையும் பொய் சொல்லும்போது இந்த ஒரு அட்டை உண்மை பேசியிருக்கிறது. அதை நம்பாததற்கு இந்தத் தண்டனை. பில் மேஜையில் பர்வீன் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

“இன்னும் ஒரு விஷயம் இருக்கு” என்று ஆரம்பித்த உபைதுல்லா, மனைவியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “வேண்டாம். வீட்ல போய்ப் பேசிக்கிடுங்க. நானும் குடும்பஸ்தன் அண்ணாச்சி.”

பஸ்ஸில் வரும்போது பாண்டிச்செல்வம் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார். மனைவியைக் கேட்காமல் எடுத்த முடிவுதான், ஆனாலும் இதைத் தப்பென்று சொல்ல முடியாது. டிராக்டர் ஓட்ட ஆசைப்பட்டு வாங்கினேன் மீனா. நிலத்தை வித்ததிலிருந்து ராத்திரி தூக்கமில்ல மீனா. இப்படி நாலைந்து வாக்கியம் தயார் செய்துகொண்டார். வழக்கமான இடத்தில் இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

வீட்டுக்குள் கிரைண்டர் ஓடியது. மோட்டார் ஓடியது. பிரிட்ஜ் உறுமியது. வாஷிங் மெஷின் தடதடவென்று குதித்தது. அறைக் கதவு இடுக்கில் கம்ப்யூட்டர் வெளிச்சம்.

சற்று முன்னால் பாய் சொன்ன பாடமெல்லாம் மறந்து போயிற்று. உடம்பு பட்டாசுக்காரனின் உடம்பு. பாய்ந்து கதவைத் தள்ளினார். மணல் வாளியைத் தூக்கினார்.

“மீனா, வெளிய ஓடு!”

அழகுமீனா ஓடவில்லை. நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். திரையில் ஒரு பச்சை டிராக்டர் வரப்போரம் மெல்லத் திரும்பியது.

“மெதுவாங்க. மணல் கொட்டிரப் போகுது” என்றாள்.

வாளி அவர் கையிலேயே தொங்கியது. அம்மனைத் தேடினார். பன்னிரண்டில் ஒரு அம்மனைக்கூடக் காணோம்.

“ஆர்டரு?”

“அது புரட்டாசியிலயே முடிஞ்சிருச்சு.”

“அப்ப இந்த வெளையாட்டு... ஒனக்கு எப்படி...”

“நீங்க வாங்குன அன்னைக்கே பர்வீன் போன் பண்ணிட்டா. டிராக்டர் ஓட்டிட்டு நீங்க அழுததையும் சொன்னா. வத்தல் நெடின்னு சொன்னீகளாமே.”

பாண்டிச்செல்வம் வாளியைக் கீழே வைத்தார். தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கையில் மிச்சமிருந்தது பாய் கடையில் கற்ற பாடம் ஒன்றுதான். அதையாவது சொல்லி மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்.

“மீனா, அந்த ஆயிரத்து அறுநூறு இருக்குல்ல, அது அம்புட்டு கரண்டு இழுக்காதாம். இன்னைக்குத்தான் பாய் சொன்னாரு.”

“எந்த ஆயிரத்து அறுநூறு?”

“அதான், இதுக்குள்ள இருக்கே.”

“அது ஆவணியிலயே போயிருச்சுங்க. பாய் கடையில குடுத்துட்டு அறுநூத்தம்பதுல ரெண்டு வாங்கிட்டு வந்தேன். ஒண்ணு இதுல இருக்கு.” மேஜைக்கு அடியில் காலால் காட்டினாள். “இன்னொண்ணு என் பழசுல. ரெண்டாவது கார்டு இதுல தூங்கிக்கிட்டுத்தான் கெடந்துச்சு. அதையும் கழத்தி என் பழசுல மாட்டிட்டேன். இப்பப் பிள்ளையாரு சொடக்குப் போடுற நேரத்துல வாராரு.”

பாண்டிச்செல்வம் சுவரில் சாய்ந்தார். வீட்டில் இல்லாத ஒரு பவர் சப்ளைக்குப் பயந்து இரண்டு மாதமாக மாவாட்டியிருக்கிறார்.

“அப்ப எதுக்கு என்னை ஆட்ட விட்ட?”

“கல்லுல ஆட்டுனா இட்லி பூவா வருதுல்லங்க. நீங்களே ஆறு திங்கீக.”

அவர் திரையைப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் அவர் விட்டுவிட்டுப் போன சோளத்தைக் காணோம். நிலம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பருத்தி வெடித்து நின்றது.

“என் சோளம்?”

“அறுத்தாச்சு. ரெண்டு வெள்ளாமை எடுத்தாச்சு. பக்கத்து நெலத்தையும் சேத்து வாங்கியாச்சு.” அழகுமீனாவின் குரல் திடீரென்று இறங்கியது. “மொதல்ல இத அழிச்சுப்புடணும்னுதான் தெறந்தேன். தெறந்தா மேலக்காடுன்னு பேரு இருக்கு. அன்னைக்கு ஒக்காந்து நல்லா அழுதேன். நீங்க மட்டுந்தான் பஸ்ல எடம் மாறி ஒக்காரீகன்னு நெனைக்கீகளா? நான் அந்தப் பக்கமா இருக்கன்குடிக்குக்கூடப் போறதில்ல. விருதுநகர் சுத்தித்தான் போறேன்.”

பாண்டிச்செல்வத்துக்கு அன்றைய ‘சரி’யின் எடை அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. கண் கலங்கியது. வத்தல் நெடி என்று சொல்ல இங்கே வழியில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் மீனா. ஒரு வார்த்தை ஒன்னக் கேட்டிருக்கணும்” என்றார்.

“கேட்டிருக்கணும்” என்றாள் அவள். அதற்கு மேல் அதை நீட்டவில்லை. எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேஜைக்கு அடியிலிருந்த பழைய கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டாள். அதன் திரையிலும் அதே மேலக்காடு விரிந்தது. அங்கே இன்னொரு டிராக்டர், சிவப்பு நிறத்தில், ஆளில்லாமல் நின்றது.

“வாங்க, ஒக்காருங்க. ரெண்டு பேரும் சேந்து வெளையாடுற மாதிரி இதே வெளையாட்ட இன்னொண்ணும் வாங்கிப் போட்டிருக்கேன்.”

“ஆள் ஒண்ணுதான...” என்று கதவைப் பார்த்தார்.

“ஒக்காருங்கங்கறேன்.”

உட்கார்ந்தார். வீங்கிய கையால் டிராக்டரைக் கிளப்பினார். மண் கறுப்பாகப் புரண்டு விழுந்தது. இரண்டு டிராக்டரும் பக்கத்தில் பக்கத்தில் போயின. வெகுநாளைக்கப்புறம் அவருக்கு நெஞ்சு லேசானது. லேசானதும் பழைய சம்சாரியின் மிடுக்கு கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

“சரி மீனா, நெலம் யாரு பேர்ல இருக்கு?”

“என் பேர்லதான்.”

“அப்ப எனக்கு இதுல என்ன உரிமை?”

“உழுகலாம், வெதைக்கலாம், அறுக்கலாம்” என்றாள் அழகுமீனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “விக்கிற பட்டனை மட்டும் ஒங்களுக்கு அடைச்சு வச்சிருக்கேன்.”